எத்தனை பாய் விரிக்க வேண்டும்? கொழும்பில் அளவான வீடு தேடுதல்

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம், கொட்டாஞ்சேனையில் நாங்கள் தங்கியிருந்த லொட்ஜின் வாசலில்தான் அந்தத் தரகரை முதன்முதலில் சந்தித்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். சட்டைப் பையில் ஒரு சின்னக் கொப்பி. எத்தனை அறை வேண்டும், எவ்வளவு வாடகை கட்டுவீர்கள் என்றுதான் மற்றத் தரகர்கள் கேட்பார்கள். அவர் கேட்டது வேறு. "தம்பி, ராவிலை எத்தனை பாய் விரிக்கிறனீங்கள்?"

நான்கு என்றேன். அம்மா, நான், தங்கை, கனடா விசாவுக்காகக் காத்திருந்த சின்னம்மாவின் மகன்.

"அப்ப ரெண்டு அறை காணும். ஆனா வாசல் தனியா இருக்கோணும். ஒப்பந்தம் உங்கடை பேரிலை இருக்கோணும். இந்த நேரத்திலை அறையை விட அதுதான் முக்கியம்" என்றார்.

இரண்டு கிழமைக்குள் ஜம்பட்டா வீதிக்குப் பக்கத்தில் ஓர் அனெக்ஸ் பிடித்துத் தந்தார். மாதக் கணக்கில் பார்த்தால் லொட்ஜ் அறையை விடக் குறைவு. ஆனால் ஆறு மாத வாடகையை முற்பணமாக வைக்க வேண்டும். அம்மாவின் காப்புகள் இரண்டும் அடைவுக்குப் போயின.

கொழும்பில் வீடு பார்ப்பது பற்றி நண்பர்களும் உறவினர்களும் அடிக்கடி கேட்பதால் இதை எழுதுகிறேன். எங்களில் பலருக்கு இந்தத் தேடல் சதுர அடிக் கணக்கில் தொடங்கியதல்ல. ஆகவே நானும் அங்கிருந்து தொடங்கவில்லை.

ஒப்பந்தம் ஏன் முக்கியம்

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலிலும் விமானத்திலும் வந்தவர்கள் பலர் கொழும்பு லொட்ஜுகளில்தான் தங்கினார்கள். விசா, வைத்தியம், வெளிநாட்டுப் பயணம், ஊரில் இருக்க முடியாமை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. நாள் வாடகை, பொதுக் குளியலறை, சமைக்க இடமில்லை. ஒரு மாதம் என்று வந்து ஒரு வருடம் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பின் லொட்ஜுகளுக்குள் புகுந்த பொலிஸார், தலைநகரில் தங்கியிருப்பதற்குத் தகுந்த காரணம் இல்லை என்று கூறி 376 தமிழர்களை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனு தொடர்பில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார்.

நாங்கள் அன்று லொட்ஜில் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன்னர் கைமாறிய ஒரு கடதாசியால் நாங்கள் "லொட்ஜில் தங்கியிருப்பவர்கள்" என்ற நிலையிலிருந்து "வாடகைக் குடியிருப்பாளர்கள்" ஆகியிருந்தோம். அன்று முழுவதும் யன்னலைத் திறக்காமல் இருந்தோம். அம்மா அடைவு வைத்த காப்பைப் பற்றி அதன்பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை.

2008இல், கடந்த ஐந்து வருடங்களுக்குள் வடக்கிலிருந்து வந்து கொழும்பில் வசிப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்தார்கள். அதன்பின் கிழக்கிலிருந்து வந்தோருக்கும் அதே அறிவித்தல் வந்தது. ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றோம். வீட்டுக்காரரின் கையெழுத்து இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசத்தை அந்த வரிசையில் நின்றவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

சட்டப்படியும் இதற்கு ஓர் அடிப்படை உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி அல்லது வீட்டின் விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கும் இதே விதிதான். கடையில் வாங்கிய படிவத்தில் இருவரும் கையெழுத்திட்டு வைத்திருக்கும் "ஒரு வருட ஒப்பந்தம்", பிரச்சினை வந்தால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு உதவாமல் போகலாம். அதேவேளை, 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக் காலம் முடிந்த இடத்தை உரிமையாளர் நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீளப்பெற வழி செய்திருக்கிறது. ஆகவே நொத்தாரிசு முன்னிலையில் கையெழுத்திடும்போது முடிவுத் திகதியையும் புதுப்பிக்கும் நிபந்தனையையும் முற்பணம் திரும்பக் கிடைக்கும் விதத்தையும் வாசித்து விளங்கிக்கொள்ளுங்கள்.

கொட்டாஞ்சேனையா, வெள்ளவத்தையா?

கொழும்பு 13 ஆன கொட்டாஞ்சேனை, துறைமுகத்தையும் புறக்கோட்டை வணிகத்தையும் ஒட்டி வளர்ந்த இடம். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்த பொன்னம்பலவாணேசர் கோயில், சென் லூசியாஸ் பேராலயம், கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் என எல்லாம் கிட்டக் கிட்ட இருக்கின்றன. யாழ்ப்பாணத்தார், மலையகத்தார், கொழும்பிலேயே தலைமுறைகளாக வாழும் தமிழர்கள், முஸ்லிம்கள், சிங்களவர்கள் ஒரே ஒழுங்கையில் இருப்பார்கள். வீடுகள் நெருக்கமானவை. வாகனம் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. ஆனால் கடை வைத்திருப்பவருக்கும் புறக்கோட்டையில் வேலை செய்பவருக்கும் பஸ் காசு மிச்சம்.

கொழும்பு 6 ஆன வெள்ளவத்தை, காலி வீதியின் இருபுறமும் ஒழுங்கைகளாகப் பிரிந்து கிடக்கிறது. மேற்கே ரயில் பாதையும் கடலும். கொழும்புத் தமிழ்ச் சங்கம், இராமகிருஷ்ண மிஷன், சைவ மங்கையர் வித்தியாலயம், மயூரபதி அம்மன் கோயில் எல்லாம் இங்கே. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியும் தூரமில்லை. 1983 ஆடிக்கு முன்னர் இங்கே அதிகம் இருந்தவை முற்றமுள்ள தனி வீடுகள். அந்தக் கலவரத்தில் எரிந்த வீடுகளின் சொந்தக்காரர்களில் பலர் அகதி முகாம்களிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனார்கள். சிலர் பின்னர் திரும்பி வந்தார்கள், பலர் விற்றுவிட்டு வெளிநாடு போனார்கள். அந்தத் தனி வீடுகள் இருந்த காணிகள் பலவற்றில் இன்று தொடர்மாடிகள் நிற்கின்றன. அவற்றில் இருப்பவர்களில் பெரும்பகுதி பிந்திய இடப்பெயர்வுகளில் வந்தவர்கள்.

வெள்ளவத்தையில் வீடு பார்ப்பவர்களுக்கு இரண்டு விடயங்கள். கடற்கரைப் பக்கம் காற்று நல்லது. ஆனால் உப்புக்காற்று யன்னல் கம்பியையும் குளிரூட்டியையும் தின்னும். கால்வாயை அண்டிய ஒழுங்கை என்றால் நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது அறை

2016இல் நாங்கள் வாங்கத் தீர்மானித்தபோது நான் மீண்டும் அந்தத் தரகரைத்தான் தேடிப்போனேன். எனக்குத் திருமணமாகி, மகளுக்கு ஒரு வயது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். தங்கை மணம் முடித்து வவுனியாவில் இருந்தாள். மனைவிக்கு வேலை தெஹிவளையில்.

அவசரத்துக்குக் காரணம் பாடசாலை. அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தர அனுமதிக்கு வதிவிட அடிப்படையில் விண்ணப்பிப்பவர்களுக்கு, முந்திய ஐந்து வருட வாக்காளர் பதிவுக்கும் வீட்டின் உரிமைக்கும் பாடசாலைக்கான தூரத்துக்கும் புள்ளிகள் போடுகிறார்கள். சொந்த உறுதி இருந்தால் வாடகையை விடக் கூடிய புள்ளி. கணக்குப் பார்த்தால், பிள்ளை பிறந்த கையோடு வீடு பார்த்தாக வேண்டும். நிபந்தனைகள் சுற்றுநிருபத்துக்குச் சுற்றுநிருபம் மாறுவதால் அந்தந்த வருடத்துக்குரியதை எடுத்துப் பார்ப்பது நல்லது.

நான் மூன்று அறை கேட்டேன். அவர் கொப்பியைத் திறக்கவில்லை.

"மூண்டாவது அறையிலை ஆர்?"

"கனடாவிலை இருந்து அண்ணா வருவார்."

"எப்ப எப்ப வாறவர்?"

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. மூண்டு கிழமை நிப்பார்."

"மூண்டு கிழமைக்கு ஒரு அறையை வைச்சு இருபது வருஷம் வட்டி கட்டப் போறியளோ?"

எனக்குப் பதில் இருந்தது. ஆனால் சொல்ல நேரமெடுத்தது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியபோது எனக்குப் பதினொரு வயது. அன்றிலிருந்து நாங்கள் மற்றவர்களின் வீட்டு விறாந்தையில்தான் படுத்தோம். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் தென்மராட்சியில் ஒரு வீட்டில் நாங்கள் இருபத்தேழு பேர். அந்த வீட்டுக்காரர் ஒருநாளும் முகம் சுழிக்கவில்லை. யாராவது திடீரென்று வந்தால் இடமில்லை என்று சொல்லும் வீட்டை என்னால் வாங்க முடியாது. அதைத்தான் சொன்னேன்.

கிழவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப உங்களுக்குத் தேவை அறை இல்லைத் தம்பி, ஹோல். ரெண்டு அறையோடை பெரிய ஹோல் இருக்கிற வீடாப் பாப்பம். பாய் விரிக்கிறதுக்குக் கதவு தேவையில்லை" என்றார்.

இந்த ஒரு வசனம் எங்களுக்கு மிச்சப்படுத்திய காசு அவருக்குக் கொடுத்த தரகுக் காசை விடப் பல மடங்கு.

அம்மாவின் கணக்கு

அம்மாவுக்கு வாங்குவதில் விருப்பமில்லை. "வாடகை எண்டா எப்பவும் ஊருக்குப் போகலாம். வாங்கினா, இனி வரமாட்டம் எண்டு எழுதிக் குடுக்கிற மாதிரி" என்பது அவரது நிலைப்பாடு. வலிகாமம் வடக்கில் ஒரு பகுதிக் காணிகள் விடுவிக்கப்பட்டிருந்தன. எங்கள் நான்கு பரப்பு அதற்குள் வரவில்லை. இன்னமும் வேலிக்கு உள்ளேதான் இருக்கிறது.

தரகர் அம்மாவிடம் நேரே வந்து கதைத்தார். "இதிலை எனக்குக் காணி எவ்வளவு வரும்?" என்று அம்மா கேட்டார். கட்டடம் இருபது பேர்ச்சில், வீடுகள் பதினெட்டு. பொதுக் காணியில் பங்கு வரைபடத்தின்படி வரும், பொதுவாகச் சொன்னால் ஒரு பேர்ச் அளவில் என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு பரப்பு என்றால் பத்துப் பேர்ச். அம்மா மனதுக்குள் கணக்குப் பார்த்தார். நாற்பது பேர்ச் எங்கே, ஒரு பேர்ச் எங்கே? "இவ்வளவு காசுக்கு ஒரு பேர்ச்சோ!" என்று சிரித்துவிட்டார்.

"அதுதான் அம்மா சொல்லுறன். உங்கடை காணி அங்கைதான். இது பிள்ளை படிக்கிறதுக்கும் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கும் ஒரு இடம்" என்றார் அவர். தனக்கும் இதே வெள்ளவத்தையில் 83க்கு முதல் ஒரு வீடு இருந்தது என்பதை அன்றுதான் சொன்னார். அந்த ஒழுங்கையால் போகும்போது மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு போவாராம்.

எங்களுக்கு நேர்ந்த நட்டம்

எல்லாம் நல்லபடி நடந்தது என்று எழுதினால் பொய். அவரைத் தேடிப் போவதற்கு முன்னர் நான் அவசரப்பட்டு, வேறொருவர் மூலம், கட்டி முடியும் நிலையிலிருந்த ஒரு கட்டடத்தில் ஐம்பதாயிரம் ரூபாய் கொடுத்து வீடு ஒதுக்கியிருந்தேன். விளம்பரத்தில் மூன்று அறை, ஆயிரம் சதுர அடி. கையால் எழுதிய ஒரு துண்டுதான் பற்றுச்சீட்டு.

கிழவர் அந்தத் துண்டைப் பார்த்துவிட்டு, "கொண்டோமினியம் வரைபடம் பதிஞ்சிட்டினமோ?" என்று கேட்டார். போய்க் கேட்டேன். "வரும்" என்றார்கள். எப்போது என்பதற்குப் பதிலில்லை. காசும் திரும்ப வரவில்லை.

தொடர்மாடி வாங்கும் எவரும் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின்படியும் அதன் பிந்திய திருத்தங்களின்படியும், கட்டடத்தின் ஒவ்வொரு வீட்டையும் தனி அலகாகக் காட்டும் வரைபடம் பதிவான பிறகே ஒரு வீட்டுக்கென்று தனி உறுதி முடிக்க முடியும். வரைபடம் இல்லாமல் விற்கப்படும் இடங்களில் வாங்குபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் காணியில் பிரிபடாத ஒரு பங்கு. அதை ஈடு வைத்து வங்கிக் கடன் எடுப்பதும் பின்னர் விற்பதும் கஷ்டம். வரைபடத்தோடு கட்டடத்தின் இணக்கச் சான்றிதழையும் கேளுங்கள். அனுமதித்த திட்டத்தின்படிதான் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே அத்தாட்சி. அனுமதி இல்லாமல் மேலே ஏற்றிய மாடியென்றால் அது அங்கே தெரியவரும்.

பரப்பளவும் அந்த வரைபடத்தில்தான் இருக்கிறது. அதில் சதுர மீற்றரில் இருக்கும், 10.76ஆல் பெருக்கினால் சதுர அடி. ஆயிரம் சதுர அடி என்று சொல்லப்பட்ட ஒரு வீட்டின் வரைபடத்தில் 84 சதுர மீற்றர் என்று இருந்தால், அது ஏறத்தாழ 904 சதுர அடிதான். வாகனத் தரிப்பிடமும் வரைபடத்தில் உங்கள் அலகுக்குரியதாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் தரும் தரிப்பிடம் அயலவரோடு சண்டையில்தான் முடியும்.

விற்பவர் யார்?

வெள்ளவத்தையில் விற்பனைக்கு வரும் வீடுகள் பலவற்றின் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். அவர்களுக்காக ஊரிலிருக்கும் தம்பியோ மச்சானோ அற்றோணித் தத்துவத்தின் மூலம் கையெழுத்திடுவார். அந்தத் தத்துவம் இலங்கையில் பதியப்பட்டிருக்கிறதா, விற்கும் அதிகாரம் அதில் சொல்லப்பட்டிருக்கிறதா, இடையில் இரத்துச் செய்யப்பட்டதா என்று உங்கள் சட்டத்தரணி பார்க்க வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால் தத்துவமும் முடிந்துவிடும். ஆகவே சொந்தக்காரரோடு காணொளி அழைப்பில் ஒருமுறை கதைத்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால், அசையா ஆதனத்தை விற்பதற்குக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. வீடு கொழும்பில் இருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிடக் கூடாது. உறுதியின் முன்வரலாற்றைக் காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்காவது தேடுவது வழக்கம். வங்கியும் அதைத்தான் கேட்கும்.

எங்கள் வீட்டில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. அண்ணாவும் காசு போட்டார். அவர் கனேடியப் பிரஜை, இரட்டைக் குடியுரிமை எடுக்கவில்லை. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் இப்படிப்பட்டவர்களுக்கும் பொருந்தும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் முழுப் பணமும் முற்கூட்டியே வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்திருக்க வேண்டும். எங்கள் பணம் பாதி இங்கே எடுத்த கடன். ஆகவே உறுதி எனது பெயரிலும் மனைவியின் பெயரிலும் முடிந்தது. அண்ணா போட்ட காசுக்குத் தனியாக ஓர் ஒப்பந்தம் எழுதினோம். சகோதரங்களுக்குள் எதற்கு எழுத்து என்று இனசனத்தில் சிலர் கேட்டார்கள். சகோதரங்களாகவே இருப்பதற்குத்தான் என்று மனைவி பதில் சொன்னாள்.

விலைக்கு வெளியே வரும் செலவு

முத்திரை வரியை வாங்குபவர் கட்ட வேண்டும். பெறுமதியின் முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், பதிவுக் கட்டணம், வங்கியின் மதிப்பீட்டுக் கட்டணம். தரகுக் காசுக்குச் சட்டம் வைத்த அளவில்லை. வாடகைக்கு ஒரு மாத வாடகை, விற்பனைக்கு 2 அல்லது 3 வீதம் என்றுதான் எங்களிடம் கேட்டார்கள். வீட்டைக் காட்டும் முன்னரே எவ்வளவு, எப்போது, யார் கொடுப்பது என்று பேசிவிடுங்கள். உறுதி முடிந்த அன்று கொடுப்பதே இரு பகுதிக்கும் நல்லது.

வாங்கிய பிறகும் மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் இருக்கிறது. மின்தூக்கி, ஜெனரேற்றர், நீர்ப் பம்பி, காவலாளி எல்லாம் அதில்தான். வாங்கும் முன்னர் மின்தூக்கியில் இரண்டு தடவை ஏறி இறங்குங்கள். வீட்டுச் சொந்தக்காரர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் ஒழுங்காகக் கூடுகிறதா, வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று அங்கேயே குடியிருக்கும் ஒருவரிடம் விசாரியுங்கள். முழங்கால் ஏலாத ஒருவருக்கு நான்காம் மாடியில் பழுதான மின்தூக்கி என்பது வீட்டுக்காவல்.

பாய்கள்

நாங்கள் வாங்கியது இரண்டு அறை, நீளமான ஒரு ஹோல். அம்மாவின் சாமிப்படங்களுக்குக் குசினிக்குப் பக்கத்தில் ஒரு மாடம். தரகர் தன் கொப்பியில் எங்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு கீறினார். அதன்பிறகு வீடு தேடி யார் கேட்டாலும் அவரிடம்தான் அனுப்பினேன், அவர் தொழிலை விடும்வரை.

அம்மா தன் பெயரை ஊர் வாக்காளர் பட்டியலிலிருந்து மாற்றவில்லை. அந்த வருடம் கிராம சேவகர் படிவம் கொண்டு வந்தபோது எங்கள் மூவரின் விபரத்தையும் எழுதச் சொல்லிவிட்டு, தன்னுடையதை எழுத வேண்டாம் என்றார். நாங்கள் வற்புறுத்தவில்லை.

போன மாதம் கிளிநொச்சியிலிருந்து மாமாவின் குடும்பம் வந்தது. மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் மாமிக்குச் சிகிச்சை. ஒரு கிழமை என்று வந்தவர்கள் பதினெட்டு நாள் நின்றார்கள். மாமிக்கு மகளின் அறையைக் கொடுத்துவிட்டு ஹோலில் ஐந்து பாய் விரித்தோம். யன்னலோரம் இன்னும் ஒரு பாய்க்கு இடம் இருந்தது.